வாசலில் ஒரு லாரி மரச்சில்லு: வட கரோலினாவில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு

கேரியில் வீடு வாங்கிய முதல் வசந்தத்தில், வெண்டை விதைக்கலாம் என்று பின்பக்கம் மண்வெட்டியைப் போட்டேன். 'டங்' என்றது. கல் இல்லை, மண்தான். இந்தப் பக்கத்துச் செம்மண் களி மழையில் செருப்பைப் பிடித்து இழுக்கும், ஜூலையில் விரிசல் விட்டுக் கிடக்கும். ஆளாளுக்குச் சொன்ன ஒரே மருந்து: மேலே மூடாக்கு (மண்ணை மூடும் மரச்சில்லு, சருகு மாதிரி) போடு, கீழே மட்கு, அதாவது கம்போஸ்ட், சேர்.

கடையில் மூடாக்குப் பையின் விலையைப் பார்த்துவிட்டு இலவச வழி தேடினேன். கிடைத்தது: மரம் வெட்டுகிறவர்கள் கொட்டும் மரச்சில்லு. அதோடு ஹெச்.ஓ.ஏ.விலிருந்து (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) ஒரு கடிதம், மஞ்சளாகிப் போன வெண்டைப் பாத்தி, பத்து நாள் முதுகுவலி எல்லாம் சேர்ந்து வந்தன. உங்களுக்காவது அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது ராலே பக்கம். சார்லட், கிரீன்ஸ்பரோ வாசிகளுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

1. முதலில் காகிதங்கள்

லாரியைக் கூப்பிடுவதற்கு முன் நான்கு காகிதங்களைப் பார்த்துவிடுங்கள். மொத்தமே ஒரு மாலை வேலை.

முதலாவது ஹெச்.ஓ.ஏ. விதிகள். வீடு வாங்கும்போது கொடுத்த தடித்த கட்டில் இருக்கும். டிரைவ்வேயில் எத்தனை நாள் பொருள் குவித்து வைக்கலாம், முன்பக்கப் பாத்தியில் என்ன நிற மூடாக்கு போடலாம் என்பதையெல்லாம் சிலர் எழுதியே வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தை மாற்றுவதாக இருந்தால் விண்ணப்பம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கலாம். எங்கள் சங்கத்தில் அதற்கு முப்பது நாள் எடுத்தார்கள். நான் விண்ணப்பிக்கவில்லை. குவியல் ஒன்பதாவது நாளும் கிடந்ததால் படத்தோடு கடிதம் வந்தது. பயந்துவிடாதீர்கள்: வட கரோலினா சட்டப்படி, உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் அபராதம் போட முடியாது. போட்டால் ஒரு மீறலுக்கு 100 டாலர் வரை. முடிவு சொன்ன ஐந்து நாளுக்குப் பிறகும் குவியல் அங்கேயே இருந்தால் நாளுக்கு நாள் ஏறும். நான் மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்டு, வார இறுதிக்குள் எடுத்துவிடுகிறேன் என்று எழுதியதில் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி. 'சரிங்க, போட்டுக்கோங்க' என்று போனில் சொன்னது டெபாசிட் பிடிக்கும் நேரத்தில் நிற்காது.

மூன்றாவது, பலரும் மறப்பது: கரையான் ஒப்பந்தம். இங்கே நிறைய வீடுகளுக்கு ஆண்டுச் சந்தா கட்டிக் கரையான் பாதுகாப்பு எடுத்திருப்போம். அடித்தளத்தை ஒட்டி மூடாக்கு போடக் கூடாது என்று அதில் நிபந்தனை இருக்கிறதா என்று படியுங்கள். பின்னால் சேதம் வந்தால் அதையே காரணமாகக் காட்ட இடம் கொடுக்க வேண்டாம்.

நான்காவது மண் பரிசோதனை. மாநில வேளாண் துறையே செய்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இலவசம், டிசம்பர் முதல் மார்ச் வரை மாதிரிக்கு 4 டாலர். பெட்டியும் படிவமும் கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் (வேளாண் ஆலோசனை அலுவலகம்) கிடைக்கும். முடிவு இணையத்தில் வரும். குளிர்காலத்தில் கூட்டம் அதிகம், தாமதமாகும். அக்டோபரில் கொடுத்தால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம். மரச்சில்லு மண்ணைப் புளிப்பாக்கிவிடும் என்று சொல்வார்கள். மேலே பரப்பிய சில்லால் அப்படிப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. நம் களிமண் பெரும்பாலும் ஏற்கெனவே புளிப்புதான். சுண்ணாம்பு எவ்வளவு போட வேண்டும் என்று அந்த அறிக்கையே சொல்லிவிடும்.

2. எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

இங்கே எல்லாம் கன கஜத்தில்தான் பேச்சு. ஒரு கன கஜம் 27 கன அடி. அதை மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பினால் 108 சதுர அடி மூடும், நான்கு அங்குலத்துக்குப் பரப்பினால் 81 சதுர அடி. கடைப் பை பெரும்பாலும் 2 கன அடி. அதாவது ஒரு கன கஜத்துக்குப் பதின்மூன்றரை பை.

மரம் வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் லாரியில் பத்து முதல் இருபது கன கஜம் வரை இருக்கும். எனக்கு வந்தது ஏறக்குறைய 15. பையாக வாங்கியிருந்தால் இருநூறு பை, பைக்கு 4 டாலர் வைத்தாலும் 800 டாலர். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இப்போது மறுபக்கம்: சாதாரண ஒற்றைச் சக்கர வண்டி 6 கன அடி பிடிக்கும். 15 கன கஜத்துக்கு 68 நடை. டிரைவ்வேயிலிருந்து பின்பக்கம், வேலிக் கதவைத் திறந்து, சரிவில் இறங்கி. மழையில் நனைந்துவிட்டால் எடையும் கூடிவிடும். ஒரு ஆள் தனியாக ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு நடைக்கு மேல் அடிக்க முடியாது. நானும் மனைவியும் இரண்டு சனி ஞாயிறு அடித்தோம்.

உங்களுக்குத் தேவை மூன்று நான்கு கன கஜம்தான் என்றால் லாரி வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது அடுத்த பகுதியில் சொல்லும் நகராட்சி மையத்துக்குப் போங்கள்.

3. எங்கே வாங்குவது

'சிப் டிராப்' என்ற இணையதளம் இருக்கிறது. மரம் வெட்டும் நிறுவனங்களுக்குச் சில்லைக் கொட்ட இடம் வேண்டும், நமக்குச் சில்லு வேண்டும். அது இரண்டு பேரையும் சேர்த்துவிடுகிறது. முகவரி கொடுத்து, வரைபடத்தில் எங்கே கொட்ட வேண்டும் என்று குறித்து, குறிப்பு எழுத வேண்டும். இலவசம்தான். 20 டாலர் போலக் கொஞ்சம் பணம் தருகிறேன் என்று போட்டால் சீக்கிரம் வர வாய்ப்பு அதிகம். இன்ன நாள், இன்ன நேரம் என்று உறுதி கிடையாது. அளவைக் குறைத்துக் கேட்கவும் முடியாது. பெரிய மரக்கட்டைகளையும் சேர்த்து ஏற்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். அடுப்புக்கு விறகு வேண்டாதவர்கள் யோசிக்காமல் 'வேண்டாம்' என்று போடுங்கள்.

இரண்டாவது வழி, தெருவில் சிப்பர் (கிளைகளைச் சில்லாக அரைக்கும் எந்திரம்) சத்தம் கேட்டால் போய்க் கேட்பது. நான் அப்படித்தான் முதல் லோடை வாங்கினேன். கொட்டுவதற்கு வேறு இடம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை என்பதால் அவர்களுக்கும் சந்தோஷம். ஆனால் அன்றைக்கே, பத்து நிமிஷத்தில் வந்து நிற்பார்கள். இடம் தயாராக இல்லை என்றால் கேட்கவே போகாதீர்கள். நான் 'எங்கே வேண்டுமானாலும் போடுங்கள்' என்று கையைக் காட்டினேன். கராஜ் கதவுக்கு நேர் முன்னால் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு காரும் உள்ளே. திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டி, ஞாயிறு ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்தில் வழி தோண்டினேன்.

மூன்றாவது, காசு கொடுத்து வாங்குவது. ராலே நகராட்சியின் யார்டு வேஸ்ட் மையத்தில் மரச்சில்லு, மூடாக்கு, கம்போஸ்ட் மூன்றும் விற்கிறார்கள். பிக்அப் வண்டி உள்ள நண்பர் ஒருவர் போதும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும். முதல் தடவை தோட்டம் போடுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

4. இடத்தைத் தயார் செய்யுங்கள்

கராஜை மறைக்காத இடமாக, பத்தடிக்குப் பதினைந்தடி காலி செய்யுங்கள். லாரி பின்பக்கத்தைத் தூக்கும்போது மேலே மின்கம்பியோ கிளையோ தட்டக் கூடாது. செப்டிக் டேங்க் உள்ள வீடு என்றால் அதன் கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழாய்ப் பரப்பின் மேல் லாரியை ஏறவே விடாதீர்கள். தெருவில் கொட்டச் சொல்லாதீர்கள். மழை வந்தால் சில்லு நேரே மழைநீர் வடிகாலுக்குப் போகும், நகராட்சி உங்களைத் தேடி வரும்.

கான்கிரீட் மேல் தார்ப்பாய் விரியுங்கள். ஈரச் சில்லிலிருந்து டிகாக்ஷன் மாதிரிப் பழுப்புத் தண்ணீர் இறங்கும், கறை மாதக்கணக்கில் போகாது. நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, 'இங்கே' என்று ஒரு அட்டையும் நட்டுவிடுங்கள்.

கருவிகள்: மண்வெட்டியோ ஷவலோ உதவாது, சில்லுக்குள் இறங்காது. பத்துப் பல் உள்ள முள்வாரி ஒன்று வாங்குங்கள். எனக்கு 50 டாலர் சொச்சம் ஆனது. இந்த மொத்த வேலையில் நான் வருத்தப்படாத செலவு அது ஒன்றுதான்.

5. வந்த குவியலை முகர்ந்து பாருங்கள்

நிஜமாகவே முகரச் சொல்கிறேன். புதுச் சில்லில் மர வாசனை, பைன் என்றால் சாம்பிராணி போல ஒரு வாசனை வரும். வினிகர் வாசமோ அழுகிய முட்டை வாசமோ வந்தால் காற்றில்லாமல் புளித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே செடியைச் சுற்றிப் போட்டால் ஒரே நாளில் இலை கருகும். மெல்லப் பரப்பி நாலைந்து நாள் காற்றாட விடுங்கள், வாசம் போன பிறகு போடலாம்.

பாய்சன் ஐவி. இந்த ஊர் மரங்களில் தடித்த ரோமக் கொடியாக ஏறியிருக்கும், மரத்தோடு சேர்ந்து அதுவும் அரைபட்டிருக்கலாம். காய்ந்தாலும் அதன் எண்ணெய் போகாது, தோலில் பட்டால் இரண்டு வாரம் அரிப்பு. முழுக்கைச் சட்டை, கையுறை கட்டாயம். வேலை முடிந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பால் கைகால் கழுவுங்கள். உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

என்ன மரம் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். கறுப்பு வால்நட் என்றால் தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஆறு மாதமாவது தனியாகக் கிடக்கட்டும் அல்லது நடைபாதைக்குப் போடுங்கள். ஓக், மேப்பிள், ஸ்வீட்கம், பைன் எதுவானாலும் பரவாயில்லை. இலையும் பட்டையும் கலந்து வந்தால் அதிர்ஷ்டம், சீக்கிரம் மட்கும்.

பழைய டெக் (வீட்டை ஒட்டிய மர மேடை) பலகையை அரைத்த சில்லு மட்டும் வேண்டவே வேண்டாம். 2003 முடியும் வரை வீட்டு உபயோகத்துக்கு விற்ற பதப்படுத்திய பலகைகளில் ஆர்சனிக் சேர்ந்த மருந்து உண்டு. சாயம் போட்ட மலிவு மூடாக்கை நான் காய்கறிப் பாத்திக்குத் தவிர்ப்பதற்கும் இதுதான் காரணம்: உள்ளே என்ன பலகை அரைபட்டது என்று தெரியாது.

இன்னொன்று. டிசம்பர் காலையில் குவியலிலிருந்து புகை வரும். எதிர்வீட்டுக்காரர் தீ என்று நினைத்துக் கதவைத் தட்டினார். அது ஆவி. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா குவியலை ஒரு முள்வாரிக் குத்துக் குத்தித் திறந்துவிட்டு, "இட்லிப் பானையத் திறந்த மாதிரி இருக்குடா" என்றாள். உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்கிறபோது வரும் சூடு. பயமில்லை.

6. மேலே பரப்புங்கள், உள்ளே புதைக்காதீர்கள்

ஒரு பகுதியை மட்டும் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மரத்தில் கரி (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்குப் பல நூறு பங்கு கரி. அதைத் தின்னும் நுண்ணுயிருக்கோ முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் வேண்டும். போதாததை அது மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். சில்லு மேலே கிடந்தால் இது மண்ணைத் தொடும் மெல்லிய பரப்பில் மட்டும்தான் நடக்கும், ஆழ வேர்விட்ட செடிக்குத் தெரியவே தெரியாது. மண்ணுக்குள் கொத்திக் கலந்தால் வேர் இருக்கும் இடத்திலேயே பந்தி போட்ட மாதிரி, செடி பட்டினி. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சால்கர்-ஸ்காட் மரச்சில்லு பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்.

நான் களிமண் இளகட்டும் என்று ஒரு பாத்தியில் இரண்டு வண்டி புதுச் சில்லைக் கொட்டிக் கொத்திவிட்டேன். வெண்டை முழங்கால் உயரத்தில் நின்றது, அடியிலைகள் எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு வந்தன. பக்கத்துப் பாத்தியில் அதே விதை, சில்லு மேலே மட்டும்: இடுப்பளவு. நீங்களும் செய்துவிட்டீர்கள் என்றால் தழைச்சத்து கொடுத்துச் சமாளிக்கலாம். கடையில் பிளட் மீலை, அதாவது காய்ந்த ரத்தத் தூளைக் காட்டுவார்கள், 12-0-0: தழைச்சத்து பன்னிரண்டு சதவீதம். மாட்டு ரத்தம் வீட்டில் ஒப்பாது என்றால் சோயாபீன் மீல் வாங்குங்கள், தழைச்சத்து ஏழு சதவீதம் இருக்கும். நான் அதைத்தான் போட்டேன். மூன்று வாரத்தில் பச்சை திரும்பியது.

பரப்பும் அளவு: காய்கறிக்கு மூன்று அங்குலம், பழமரத்துக்கு நான்கு, நடைபாதைக்கு ஆறு. தண்டை ஒட்டி மூன்று அங்குலம் வெறும் மண்ணாக விடுங்கள், மரம் என்றால் ஆறு அங்குலம். ஊரெங்கும் மரத்தடியில் எரிமலை மாதிரி மூடாக்கைக் குவித்திருப்பதைப் பார்த்து அதுதான் முறை என்று நினைக்க வேண்டாம். பட்டை அழுகும். வீட்டுச் சுவரிலிருந்து ஓரடி தள்ளியே நிறுத்துங்கள், அடித்தளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கரையான் பார்க்க வருகிறவருக்கும் அது வேண்டும்.

கீரை, கொத்தமல்லி போல விதை தூவும் பாத்திக்குச் சில்லு சரிப்படாது. களை விதையை முளைக்க விடாதது உங்கள் விதையையும் விடாது. அங்கே நொறுக்கிய இலைச் சருகு போடுங்கள்.

பெர்முடா புல்லை மரச்சில்லு கொன்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபெஸ்க்யூ புல் செத்துவிடும். பெர்முடா எட்டு அங்குலச் சில்லுக்குள்ளும் சாவகாசமாக நடந்து வெளியே வரும். முதலில் வேரோடு எடுங்கள், பிறகு மூடுங்கள்.

மழைக்குப் பிறகு மஞ்சளாக, நாய் வாந்தி எடுத்த மாதிரி ஒன்று முளைக்கும். பெயரே அதுதான். ஒன்றும் செய்யாது. காளானும் வரும், சாப்பிடாதீர்கள். கோடையில் சில்லுக்குள் வெறுங்கையை விடாதீர்கள், காப்பர்ஹெட் பாம்பு அதே நிறத்தில் படுத்திருக்கும்.

7. மிச்சத்தைக் கம்போஸ்ட் ஆக்குவது

சும்மா விட்டாலே மட்கும், இரண்டு வருஷம் ஆகும். சீக்கிரம் வேண்டும் என்றால் பச்சைச் சரக்கு சேர்க்க வேண்டும். குவியல் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சூடு ஏறாது. சரக்கு அடுக்கும் மரப் பேலட் நான்கைக் கட்டினால் போதும், செலவில்லை.

என் அளவு: சில்லு இரண்டு வாளி, வெட்டிய புல் ஒரு வாளி, காபித் தூள் சக்கை அரை வாளி. ஸ்டார்பக்ஸ் கடைகளில் சக்கையைத் தோட்டத்துக்கு இலவசமாகத் தருவது 1995 முதல் இருக்கும் வழக்கம், காலையில் போய்க் கேளுங்கள். வீட்டு டீச் சக்கை, காய்த் தோல், கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் போகலாம். சாம்பார் மிச்சம், எண்ணெய், மீன் செதில் வேண்டாம், ரக்கூன் குடும்பத்தோடு வரும். தேங்காய் ஓடு லேசில் மட்காது. கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும் ஈரம் இருக்கட்டும்.

நடுவில் 131 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் களை விதை சாகத் தொடங்கும். நீளக் கம்பி வெப்பமானி 20 டாலர் அளவில் கிடைக்கும். சூடு இறங்கும்போதெல்லாம் கிளறுங்கள். எட்டு மாதம் முதல் ஒரு வருஷம். அரை அங்குலக் கம்பி வலையில் சலித்து, மேலே நின்றதை அடுத்த குவியலுக்குத் தள்ளுங்கள்.

இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது: இலவசக் குதிரைச் சாணம், வைக்கோல். மேய்ச்சல் நிலத்தில் அடிக்கும் சில களைக்கொல்லிகள் குதிரையின் வயிற்றைக் கடந்தும், கம்போஸ்ட் குவியலைக் கடந்தும் அப்படியே நிற்கும். தக்காளி இலை சுருண்டு பாம்பு வால் மாதிரி ஆகிவிடும். களைக்கொல்லி கலந்த உரம் போட்ட புல்தரையின் வெட்டுப் புல்லும் அப்படித்தான். சந்தேகமாக இருந்தால் அந்தச் சாணம் கலந்த மண்ணில் மூன்று பீன்ஸ் விதை போட்டுப் பாருங்கள், மூன்று வாரத்தில் தெரிந்துவிடும்.

8. எந்த மாதம் என்ன

அக்டோபரில் மண் பரிசோதனையும் ஹெச்.ஓ.ஏ. விண்ணப்பமும். நவம்பரில் லோடு. இலை உதிர்ந்திருக்கும், வெயில் இல்லை, பாம்பு பயம் குறைவு, முதுகும் தாங்கும். நடைபாதைக்கும் பழமரத்துக்கும் அப்போதே போட்டுவிடலாம். முருங்கையைத் தரையில் வைத்திருப்பவர்கள் உறைபனி வந்து தண்டு கருகியதும் ஓரடிக்கு வெட்டி, மேலே ஓரடி சில்லைக் குவியுங்கள். சில வருஷம் துளிர்க்கும், சில வருஷம் துளிர்க்காது. கறிவேப்பிலையை அப்படிச் சோதிக்காதீர்கள், தொட்டியை வீட்டுக்குள் எடுங்கள்.

கோடைக் காய்கறிப் பாத்திக்கு அவசரம் வேண்டாம். கடைசி உறைபனி ஏப்ரல் நடுவில் முடியும். ஆனால் சில்லைச் சீக்கிரம் போட்டால் மண் சூடேறாமல் வெண்டையும் புடலையும் அப்படியே நிற்கும். மே கடைசியில், செடி ஒரு சாண் வளர்ந்த பிறகு போடுங்கள். முதலில் ஒரு தடவை ஆழமாகத் தண்ணீர் விட்டுவிட்டு மூடுங்கள், காய்ந்த மண்ணை மூடினால் காய்ந்தேதான் கிடக்கும்.

மிஞ்சிய சில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்கு நாலு கன கஜம் மிஞ்சியது. தமிழ் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் போட்டேன், இரண்டு மாலையில் காலி. மினிவேன் பின்சீட்டை மடித்து, இருபது பவுண்டு சோனா மசூரிப் பைகளில் அள்ளிப் போனார்கள். ஒரு பையில் அரை கன அடிகூடப் பிடிக்காது. ஆனால் வண்டிக்குள் சிந்தாது, பெரியவர்கள்கூடத் தூக்கிவிடலாம். பைகளை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.